முந்தானையை விடாத கை

நாடு சுதந்திரம் அடைந்து பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். ராமநாதபுரம் ஜில்லாவில், சாயல்குடியிலிருந்து உள்ளே தள்ளி, மிளகாயும் மானாவாரி நெல்லும் விளைகிற ஒரு ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். எனக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. தாய் இல்லாதவள் என்பதால் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டிலேயே நடந்தது. ஆண் குழந்தை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

குழந்தை பிறந்த அடுத்த வாரம், விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் விழித்தேன். மண்டையைப் பிளக்கிற மாதிரி தலை வலித்தது. பக்கத்தில் பிள்ளை அழுதது. அதைத் தூக்கலாம் என்று வலது கையால் துழாவியபோது, பாயில் என் இடுப்புக்கு அருகே யாருடைய கையோ கிடந்தது. தொட்டால் கனமாக, குளிர்ந்துபோய் இருந்தது. யாரோ என்னோடு படுத்திருக்கிறார்கள் என்று பயந்து அலறிவிட்டேன். ஓடி வந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் கை என்னுடையது. என் இடது கை.

காலும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் லேசாகக் கோணியது. காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வாய் சரியானது. காலை இழுத்து இழுத்து நடந்தேன். கை மட்டும் திரும்பவில்லை. தொளதொளவென்று கிடந்தது, பிறகு மெல்ல மெல்ல முஷ்டியாக மடங்கி இறுகிவிட்டது. அந்த விரல்களைப் பிரிக்க யாராலும் முடியவில்லை. என் பிள்ளையை நானாகத் தூக்க முடியாது. யாராவது எடுத்து மடியில் வைத்தால் பால் கொடுப்பேன்.

வீட்டுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற எண்ணத்தில், ஒருநாள் அடுப்படியில் போய் உட்கார்ந்து கேப்பைக் கூழ் கிண்டினேன். நல்ல பசி நேரம். ஏதோ கருகுகிற வாடை வந்தது. கூழ்தான் அடிப்பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாகக் கிண்டினேன். முற்றத்திலிருந்து உள்ளே வந்த மாமியார் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

"அடியே, கையி! கையப் பாருடி!"

பார்த்தேன். என் இடது கை அடுப்பு விளிம்பில் சாய்ந்து கிடந்தது. சுண்டுவிரல் ஓரத்தில் தோல் வெந்து சுருண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலி இருந்திருந்தால் அழுதிருப்பேன். வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் புண் ஆறாமல் சீழ் வைத்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வண்டி கட்டி, சாயல்குடியில் பஸ் பிடித்து, என்னை ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்தார். அதன் பிறகு புண்ணை விட்டுவிட்டு என் முஷ்டியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை பெத்த சில பேருக்கு மூளையில ரத்தம் உறைஞ்சு போகும்மா. இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல" என்றார்.

புண் ஆறிய பிறகு எனக்கென்று ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். முன்கையில் சுற்றிக் கட்டுகிற தோல் பட்டை. அதிலிருந்து புறங்கைக்கு மேலே வளைந்து போகும் கம்பிகள். ஒவ்வொரு கம்பி நுனியிலும் ரப்பர் நாடா, அதன் முனையில் விரலை நுழைக்கத் தோல் வளையம். மடங்கிய விரலை ரப்பர் இழுத்து நிமிர்த்தும். நாம் முயன்று மடக்க வேண்டும், மறுபடி அது நிமிர்த்தும். "இதை முதல்ல செஞ்சது தொழுநோய்ல விரல் மடங்கினவங்களுக்காக. உன் கைக்கு எவ்வளவு கேட்கும்னு எனக்கே தெரியாது. போட்டுப் பார்ப்போம்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வெளியே தாழ்வாரத்தில் அதே மாதிரி கருவியோடு சிலர் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் அன்று அங்கே இருந்திருக்கிறார். நாங்கள் ஊருக்குத் திரும்பும் முன்பே செய்தி போய்விட்டது. பெருவியாதிக்காரர்கள் மாட்டுவதை இவள் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என் மாமியாருக்கு ஒதுங்கி வழிவிட்டார்களாம். அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். கருவியைப் பிடுங்கி விறகுக் குவியலுக்குப் பின்னால் எறிந்தார். பிள்ளையை என் அருகில் விடவில்லை. அது தவழ்ந்து என்னிடம் வந்தால், தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஆட்டுப்பாலும் கூழும் கொடுத்து வளர்த்தார்கள்.

ஒருநாள் பகலில், நான் தூங்குவதாக நினைத்து மாமியார் என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒன் அக்காளுக்குச் சொல்லி விட்டுட்டேன்ப்பா. வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போகட்டும். அவளுக்கும் வயித்துல ஒண்ணு இல்ல. இங்கன கெடந்தா இதுக்கும் அந்த நோவு ஒட்டிக்கிரும்."

அவர் மறுக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் காலடிச் சத்தம் விலகியபோது, பிரசவத்துக்குப் பிறகு பாயில் என் கையைத் தொட்டு அலறினேனே, அதைவிட அதிகமாக எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் நாத்தனார் மாரியூருக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமாகி வெகு காலமாகியும் குழந்தை இல்லை. அதிகம் பேசமாட்டார். மறுவாரம் ஒரு காலையில் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். பிள்ளைக்குச் சட்டை, கிலுக்கு எல்லாம் வாங்கி வந்திருந்தார். போகும் முன் கடைசியாக ஒருமுறை என்று பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். வாசலில் வண்டி பூட்டியபடி நின்றது.

நாத்தனார் குனிந்து பிள்ளையைத் தூக்கினார். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. உடம்பெல்லாம் நடுங்கி ஒரு அழுகை வந்தது. பிள்ளையோடு நிமிரப் போனவர் முடியாமல் குனிந்தபடியே நின்றார். அவருடைய முந்தானை என் இடது கைக்குள் இருந்தது.

எப்படிப் போனது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சேலை விரல்களுக்குள் சிக்கி, முஷ்டி பூட்டு மாதிரி இறுகிவிட்டது. அவர் இழுத்தார். இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. மாமியார் வந்து என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். சேலை கிழிகிற சத்தம் கேட்டது. நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது.

"விடு தாயி" என்றார் மெதுவாக.

"நான் புடிக்கலை மதினி. அந்தக் கை எம் பேச்சக் கேக்காது. அழுதா, பயந்தா தானா இறுகிக்கிரும்."

"அப்ப எப்புடி எடுக்குறது?"

"ஆஸ்பத்திரியில குடுத்ததை மாட்டணும்."

 என் வீட்டுக்காரர் எழுந்து போய், விறகுக்குப் பின்னாலிருந்து தூசியோடு அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். மாமியார், "அதத் தொடாதடி!" என்று மகளைப் பார்த்துக் கத்தினார். நாத்தனார் பிள்ளையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். வேறு வழியும் அவருக்கு இல்லை. சேலை என் கையில்தானே இருக்கிறது!

டாக்டர் காட்டியதை நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். என் மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக மடக்கினார். அப்போதுதான் விரல்கள் கொஞ்சம் இளகும். கட்டைவிரலை முதலில் வெளியே எடுத்தார். பட்டையை இறுக்கிக் கட்டினார். ஒவ்வொரு விரலாக வளையத்தை மாட்டினார். ரப்பர் இழுத்துப் பிடிக்க, ஒன்றும் நடக்காத மாதிரி கொஞ்ச நேரம் போனது. பிறகு ஆள்காட்டி விரல் அசைந்தது. அடுத்தது. என் உள்ளங்கை விரிந்து, கசங்கிய முந்தானை கீழே விழுந்தது.

அவர் சேலையை எடுக்கவில்லை. என் உள்ளங்கையையே பார்த்தார். மாதக்கணக்கில் காற்றுப்படாமல் வெளிறி, நகம் பதிந்து புண்ணாகி இருந்தது. சுண்டுவிரலில் தீ சுட்ட வடு.

"இதத் தெனமும் மாட்டணுமா?"

"ஆமா மதினி."

"யாரு மாட்டி விடுறா?"

நான் விறகுக் குவியலைத் திரும்பிப் பார்த்தேன். ஒற்றைக் கையால் அந்தப் பட்டையை யாராலும் கட்டிக்கொள்ள முடியாது. அவர் தன் அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம்பியிடமிருந்து பிள்ளையை வாங்கினார். வாசலைப் பார்த்து நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தார்.

"வண்டி மாட்ட அவுத்து விடச் சொல்லுய்யா. நான் இங்கனதான் இருக்கப் போறேன்."

அந்த வருடம் மிளகாய்ப் பழம் எடுத்து முடியும் வரை அவர் எங்கள் வீட்டில் இருந்தார். தினமும் காலையிலும் மாலையிலும் கருவியை மாட்டி, எதிரே உட்கார்ந்து, "மடக்கு, விடு" என்று விரட்டுவார். உப்புக்காற்றிலும் வெயிலிலும் ரப்பர் இற்றுப்போனால், என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூபை நறுக்கிக் கட்டிக் கொடுப்பார். நாத்தனாருக்கு எந்த நோவும் ஒட்டவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு மாமியாரும் பிள்ளையை என்னிடம் விட்டார். ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். கருவி கையில் இல்லை. என் ஆள்காட்டி விரல் தானாக நிமிர்ந்தது. நாத்தனார் கையிலிருந்த செம்பு நழுவி, தண்ணீர் எல்லாம் பிள்ளையின் தலையில் கொட்டியது. அது அழ, நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம்.

கை முழுதாகச் சரியாகவில்லை. ஊசியில் நூல் கோக்க வராது. ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்து அணைத்துக்கொள்ள வந்தது. எனக்கு அது போதும். நாத்தனாருக்குக் கடைசி வரை குழந்தை பிறக்கவில்லை. என் மகன் அவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான். அவர் போனபோது கொள்ளி வைத்தவனும் அவன்தான்.

ஊரே தொடப் பயந்ததைத் தொட்டு, ஆசையாகத் தூக்கிய பிள்ளையைத் திரும்ப என் மடியில் வைக்க அன்று அவருக்கு எப்படி மனசு வந்தது என்று நினைத்தால், இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.