மூடியில் இருந்த குங்குமப் பொட்டு

1. சத்தம்

வவுனியா தாண்டியதும் லொறியின் பின்னால் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தட்டு. பாரமான ஏதோ ஒன்று தகரத்தில் மோதும் சத்தம். சாரதி சுனில் அய்யே வேகத்தைக் குறைத்தார். சிங்களவர்; எனக்கு அவர் அண்ணன் முறையில் அய்யே, அவருக்கு நான் தங்கச்சி, நங்கி.

“நங்கி, பின்னால என்னமோ அடிக்குது.”

“சாமான் கட்டின பெல்ட் லூஸாகியிருக்கும் அய்யே. முறிகண்டியில பாப்பம்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினார். அந்த லோட் என் பொறுப்பு. அதற்கான செக் ஷீட் என் மடியில் இருந்தது.

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷீட்டின் ஏழாவது வரியில் மட்டும் ஏன் டிக் போடும் கட்டம் இல்லை என்று உங்களில் ஒருவர் கேட்டார்.

2. ஷீட்

கொட்டாஞ்சேனை ஒபிஸில் அந்த ஷீட்டை முதலில் தயாரித்தவள் நான். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பெட்டி உடைந்து வந்தால், பேப்பரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உண்மை. அப்பாவின் பேச்சு எடுபடாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். சரியான பேப்பர் இருந்தால் யாருக்கும் அநியாயம் நடக்காது என்று நம்பினேன்.

நானே தனியாகப் பொறுப்பெடுத்த முதல் தூர லோட், வெள்ளவத்தை யோகம் அன்ரியுடையது. ஒழுங்கை ஒன்றில் சிறிய லோண்டரி வைத்திருந்தவர். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்பதால் கோண்டாவிலில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். அங்கே இரண்டு லொட்ஜ்களின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும்.

சாமான் இரண்டுதான். ஒன்று, இரண்டு மர உருளைகளுக்கு நடுவே விரிப்பைச் செலுத்தி மடிப்பெடுக்கும் வார்ப்பிரும்பு மேங்கிள். மற்றது, எனாமல் தொட்டியும் மேலே துணி பிழியும் ரப்பர் உருளைகளும் கொண்ட பழைய வாஷிங் மெஷின். அன்ரியின் மாமனார் காலத்தில் ஒரு தோட்டத்துரை பங்களாவிலிருந்து வாங்கியது. அதைத் திருத்தத் தெரிந்த ஒரே ஆள் அன்ரியின் கணவர். அவர் இறந்துவிட்டார்.

“இதுக்கு பார்ட்ஸ் எங்கயும் இல்லை, பிள்ளை. உடைஞ்சால் உடைஞ்சதுதான். பிறகு நான் தங்கச்சியின்ர கையைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்” என்றார் அன்ரி.

அந்தச் சொல்லை மனதில் வைத்துத்தான் எல்லாம் செய்தேன். கியர் பொக்ஸில் எண்ணெய் இருப்பதால் மெஷினைச் சரிக்கக் கூடாது. நிமிர்த்தியே பலட் என்ற மரத்தட்டில் ஏற்றினோம். ரப்பர் உருளைகள் ஒன்றையொன்று அழுத்தித் தட்டையாகிவிடும் என்பதால் அழுத்தத்தைத் தளர்த்தி இடையில் கார்ட்போட் வைத்தேன். வார்ப்பிரும்பு இழுவை தாங்காது. அதனால் மேங்கிளின் சட்டத்தில் பெல்ட் படாமல் அடிக்கட்டையில் போட்டேன்.

இரண்டு நாளுக்கு முன் இன்ஸ்பெக்ஷனுக்குப் போனபோது தொட்டியைத் திறந்து பார்த்திருந்தேன். காலி. ஏற்றும் நாளன்று மூடியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தது. மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும். வழியில் திறந்துகொள்ளாமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள், நல்லது என்று நினைத்தேன். ‘மூடி திறந்து பார்த்தது, காலி’ என்ற ஏழாவது வரிக்கு நேரே, திறந்து பார்க்காமலே டிக் போட்டேன்.

அன்ரி அன்று மாலை பஸ்ஸில் போனார். லொறி எங்கள் யார்டில் பூட்டப்பட்டு, அடுத்த நாள் காலை புறப்பட்டது.

3. முறிகண்டி

முறிகண்டியில் நிறுத்தாமல் போகும் லொறி குறைவு. சுனில் அய்யே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அதற்குள் நான் பின்னால் ஏறி எல்லாப் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் தளரவில்லை.

“மூடியத் தொறந்து பாருங்களேன், நங்கி.”

“அது காலி அய்யே. ஷீட்ல இருக்கு.”

“ஷீட்டுக்கு சத்தம் கேக்காதுதானே.”

நான் சிரித்தேன். பலட்டின் கீழே ஒரு சாக்கை மடித்துச் செருகிவிட்டு இறங்கினேன். சத்தம் யாழ்ப்பாணம் வரை வந்தது.

4. கோண்டாவில்

அன்ரி தானே துணியை அவிழ்த்தார். உள்ளே பழைய சேலையில் சுற்றி வைத்த பித்தளைக் குத்துவிளக்கு. சேலை கழன்றிருந்தது. பக்கத்தில் ஒரு பை அரிசி, மஞ்சள் கிழங்கு, வெடித்துச் சிந்திய உப்புப் பை. தொட்டியின் நடுவில் துணியைப் புரட்டும் அலுமினிய அஜிடேட்டருக்கு மூன்று இறக்கை. அதில் ஒன்று அடியோடு உடைந்து உப்புக்குள் கிடந்தது. மூன்று இடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தது.

அன்ரி தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

“நான்தான் வைச்சனான். புது இடத்துக்கு வெறுமையா அனுப்பக் கூடாதெண்டு. என்ர கையாலயே உடைச்சுப்போட்டன், பிள்ளை.”

நாங்கள் வீடு மாறியபோது என் அம்மாவும் உப்பையும் மஞ்சளையும்தான் முதலில் அனுப்பினார். காலிப் பாத்திரத்தை யாருக்கும் திருப்பிக் கொடுக்க மாட்டார். பொட்டு வைத்துக் கட்டிய மூடிக்குக் கீழே என்ன இருக்கும் என்று அந்த லொறியில் வந்த யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால், அது எனக்குத்தான்.

முற்றத்தில் நின்று முதலாளி நஸீர் நானாவுக்கு ஃபோன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.

“லாம்ப என்னத்துக்கு மெஷினுக்குள்ள வெச்ச?”

“புது வீட்டுக்குப் போறதுக்கு, நானா. எங்கட வழக்கம்.”

“அப்ப எங்கட பொறுப்பு இல்ல, மகள். ஷீட்ல காலி எண்டு ஈக்கிதானே. அவங்கட்ட சைன் ஒண்டு வாங்கிட்டு வாங்க.”

கேட்டிருந்தால் அன்ரி சைன் வைத்திருப்பார். பிழை தன்னுடையது என்று அவரே நம்பினார். கையில் இருந்த ஷீட்டைப் பார்த்தேன். அப்பாவுக்கு எதிராகப் பேசிய பேப்பர்களைப் போல ஒன்றை நானே எழுதியிருந்தேன், அழகான கையெழுத்தில்.

“நானா, நான் திறந்து பாக்கல. பாக்காம டிக் போட்டேன். வழியில சத்தம் கேட்டும் திறக்கல.”

அவர் ஷீட்டின் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“அப்ப அத எழுதுங்க. எழுதி ஒரு கொப்பி அவங்கட கையில குடுங்க. ஒடஞ்ச துண்டக் கொண்டு வாங்க.”

எழுதி, அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன்.

“இதை ஏன் எழுதுறாய்? நான்தானே வைச்சனான்.”

“வைச்சது உங்கட வழக்கம், அன்ரி. திறந்து பாக்கிறது என்ர வேலை.”

5. ஏழாவது வரி

அஜிடேட்டரைக் கழற்றி இரத்மலானைக்குக் கொண்டுவந்தேன். அங்கே அலுமினியம் ஒட்டும் பட்டறைக்கார பாஸ், ஒட்டித் தரலாம், பழைய பலம் வராது, அரைத் தொட்டித் துணிதான் போடலாம் என்றார். பெயர்ந்த இடங்களுக்குப் பூச்சு பூச ஆள் பிடித்தோம். அதற்குள் அந்தத் திங்கள் போய்விட்டது. இரண்டு லொட்ஜில் ஒன்று வேறு ஆளிடம் போய்விட்டது. அது திரும்பி வரவில்லை.

“ஓடுது பிள்ளை. கொஞ்சம் முனகுது” என்று அன்ரி பிறகு ஃபோனில் சொன்னார்.

ஏழாவது வரியில் இப்போது ஒரு கேள்வியும் வெற்றிடமும் இருக்கின்றன: ‘உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?’ காலியா என்று கேட்காதீர்கள். ஓம் என்று சொல்லிவிடுவார்கள். என்ன வைத்தீர்கள் என்று கேளுங்கள், பிறகு உங்கள் கையால் திறந்து பாருங்கள்.

போன மாதம் தெமட்டகொடையில் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டேன். அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு, நாங்கள் ஏற்றவிருந்த ஃபிரிட்ஜிலிருந்து ஒரு செம்பை எடுத்தார். அரிசி, உப்பு, மேலே மஞ்சள் துண்டு. திருகோணமலை வரை அதை முன் சீட்டில் என் மடியில் வைத்துக் கொண்டுபோனேன், ஷீட்டுக்கு மேலே.