நான்கு மணிக்கு மதிலில் ஏறும் நிரூபா

பிற்பகல் நான்கு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது நிரூபா கையிலிருக்கும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு, கொடியில் காயும் துணிகளை விலக்கிக்கொண்டு போய், சிட்னி நார்த்மீட் வீட்டுப் பின்வளவிலுள்ள இடுப்பளவு மதிலில் ஏறி நிற்கிறாள். கையில் போன். அந்தப் போனைக் கட்டிலுக்கடியில் வைத்தாலும் சிக்னல் குறையாது. ஆனாலும் ஏறுகிறாள். சாம்பியாவின் வடக்கே முலேம்பா என்ற கிராமத்தில் பதினொரு வருடம் கறையான் புற்றின் உச்சியில் நின்றே பேசிப் பழகியவள். அறை உயரப் புற்று அது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிக்னல் கிடைப்பது அதன் உச்சியில் மட்டும்தான். இந்த நேரம் அங்கே காலை ஏழு மணி. அவளுடைய கணவர் இளங்கீரன் அந்தப் புற்றில் ஏறி நின்று நம்பரை அழுத்துவார். அவர் ஏறி நிற்க, இவள் தரையில் நின்று பேசுவதாவது!

“கீழ நிண்டு கதைச்சா வாய் வராதோ?” என்று முன்வீட்டுக் குசினி யன்னலால் கேட்பவர் இராஜேஸ்வரி அன்ரி. பின்வளவுச் சின்ன வீட்டை நிரூபாவுக்கும் மகள் மயூராவுக்கும் விட்டிருப்பவர். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர். “விழுந்து காலை முறிச்சியெண்டா உன்ர யேசு வந்து தூக்கமாட்டார், நான்தான் தூக்கவேணும்.”

“ஓம் அன்ரி. அதுக்குத்தானே உங்களை இஞ்ச வச்சிருக்கிறார்.”

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிடும். யன்னலைச் சாத்திக்கொள்வார்.

நிரூபாவுக்கு நாற்பத்திரண்டு வயது. எட்டு வயதில் சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் வளர்ந்து, தாதியாக வேலை பார்த்தவள். இளங்கீரன் அங்கேயே ஒரு பட்டறையில் எலெக்ட்ரிஷன். சபை இருவரையும் மிஷனரிகளாக அனுப்பியபோது அவர் பெட்டி நிறைய வேதாகமம் கொண்டுபோனார். முலேம்பா மக்கள் மரியாதையாக வாங்கி வைத்துவிட்டு, தண்ணீர்ப் பம்பு மூன்று மாதமாக ஓடவில்லை, அதைப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பெயர் பம்பு பாஸ்டர்.

நிரூபாவின் நாள் அங்கே விடியுமுன்பே தொடங்கும். அந்த ஊரில் கதவைத் தட்டுகிற வழக்கமில்லை. வாசலுக்கு வெளியே நின்று மெல்லக் கைதட்டுவார்கள். கோடரி பட்ட கால், காய்ச்சல் குழந்தை, சங்கிலி அறுந்த சைக்கிள், இரவெல்லாம் சண்டை பிடித்த புருஷன் பெண்சாதி எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். “காயம் வலப்பக்கம், சண்டை இடப்பக்கம்” என்று அவள் உட்கார வைப்பாள். காயங்களுக்கு மருந்து கட்டி முடிப்பதற்குள் இடப்பக்கத்தில் பாதிப்பேர் சமாதானமாகி எழுந்து போயிருப்பார்கள். மத்தியானம் சோளமாக் களியும் நெத்தலி மாதிரி ஒரு கருவாடும். பிறகு அதே மேசையில் மயூராவுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிறு ஆராதனையில் தகரக் கூரைமேல் மழை பிடித்துவிட்டால் பிரசங்கம் ஒரு சொல்லும் கேட்காது. பாஸ்டரும் சனமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி மழை விடும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

பித்தப்பை ஒப்பரேஷனுக்காக மகளோடு சிட்னி வந்தவள், மார்ச்சில் திரும்பவேண்டும். வந்த இடத்திலும் முலேம்பா அவளை விட்டபாடில்லை. சப்பாத்தை மூன்று முறை உதறித்தான் கால் நுழைப்பாள். பஸ்ஸில் ஏறினால் கார்டைத் தட்டுமுன் டிரைவரிடம் நன்றாகத் தூங்கினாரா, பிள்ளைகள் சுகமா என்று விசாரிப்பாள். பின்னால் நிற்பவர்கள் செருமுவார்கள். “அம்மா, பிளீஸ்!” என்று மயூரா தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் இப்போதெல்லாம் அந்த டிரைவரே இவளைக் கண்டதும் தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

இப்படிப்பட்டவள்தான் போன மாதம் ஆறு நாள் ஆடிப்போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளங்கீரன் அவசரமாகப் பேசினார். “நிரூ, பக்கத்து வீட்டு முத்தாலேக்கு வயித்துக்குத்துத் தொடங்கிட்டுது. தலைப்பிள்ளை. மழை விட்டபாடில்லை, ஆறு ஏறுது. நான் பிக்கப்பில கிளினிக்குக் கொண்டு போறன். நாளைக்குக் கதைக்கிறன்.” திங்கள் நான்கு மணிக்கு மதிலில் நின்றாள். போன் வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, ஐந்து நாளும் நின்றாள். மிஷன் அலுவலகத்துக்கு எடுத்தால், வெள்ளம், தொடர்பில்லை, விசாரிக்கிறோம் என்ற ஒரே பதில்தான். கிளினிக்குக்குப் போகும் வழியில் ஒரு மரப்பாலம் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஆட்டுக்குட்டிகூட யோசிக்கும். கண்ணை மூடினால் அந்தப் பாலம்தான் வந்தது. உபவாசம் என்று மகளிடம் சொன்னாள். உபவாசமாவது! தொண்டையால் ஒன்றும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் சபையின் ஜெபக்குழுவை நடத்தும் குணசீலி அக்காவுக்குப் போன் செய்து, கணவருக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்டாள். இளங்கீரனின் படமொன்றும் அனுப்பினாள். வெள்ளைச் சட்டை, நேர்ப்பார்வை, லேசான புன்னகை. படம் நல்ல படம்தான், வினை அங்கேதான் இருந்தது. குணசீலி அக்கா முதலில் படத்தை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, பிறகு கண்ணாடியைத் தேடியெடுத்து, ஒற்றை விரலால் விவரத்தை எழுத உட்கார்ந்தார். எழுதி முடிக்க இருபத்தைந்து நிமிடம். நம்மவர் குழுக்களில் காலை நேரத்தில் ஒரு மனிதரின் படம் தனியாக வந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? விவரம் போய்ச் சேர்வதற்குள் படம் செவன் ஹில்ஸ் தாண்டி, ஹரிஸ் பார்க் கடைகள் தாண்டி, டொரொன்ரோவுக்கே போய்விட்டது.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு முதலில் வந்தவர் சிவமணி. பட்டறைக் காலத்திலிருந்து இளங்கீரனின் கூட்டாளி. இரண்டு பெரிய சாப்பாட்டுப் பெட்டிகளைக் கதிரையில் வைத்துவிட்டு, மூடிகளை அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே வேறு ஆறேழு பேர் வந்து நிலத்தில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தார்கள். நிரூபாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முலேம்பாவில் இப்படித்தான். ஒரு வீட்டுக்குத் துன்பமென்றால் ஊர் வந்து சும்மா உட்கார்ந்துவிடும். கேள்வி கேட்காது, புத்தி சொல்லாது. சிட்னித் தமிழருக்கு இந்த நல்ல பழக்கம் எப்போது வந்தது என்று எண்ணியபடி தேத்தண்ணீர் ஊற்றினாள்.

“தங்கச்சி, மனசைத் தளரவிடாதேங்கோ” என்றார் சிவமணி ஒருவாறு.

“இல்லை அண்ணை. இது முதல் தரமில்லைத்தானே. போன வருசமும் இப்பிடி மூண்டு நாள்.”

சிவமணி திகைத்தார். பெட்டைக்குப் பித்துப்பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார், பாவம். “போன வருசமுமோ?”

“ஓம். பிறகு வந்து நல்லாச் சாப்பிட்டவர்.”

மூலையிலிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இன்னொருத்தி, “என்ன விசுவாசம்!” என்று முணுமுணுத்தாள். இரண்டு மணிக்குக் குணசீலி அக்கா வந்தார். ஜெபிக்கவென்று இத்தனை பேர் கூடிவிட்டார்களே என்ற பூரிப்பில், உட்காருமுன்பே பாட்டைத் தொடங்கினார். அறை முழுவதும் சேர்ந்து பாடியது. சாப்பாட்டுப் பெட்டிகளை நிரூபா எட்டிப் பார்த்தாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய். ஆட்டிறைச்சி இல்லாமல் கை நனைக்காத சிவமணி மரக்கறி மட்டும் கொண்டு வந்திருப்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது.

அப்போதுதான் இராஜேஸ்வரி அன்ரி ஓடி வந்தார். பின்வளவில் செருப்புக் குவியலையும் வெள்ளைச் சேலைகளையும் கண்டு வந்தவர், வாசலிலேயே குரலெடுத்து அழுது, நிரூபாவை இழுத்து அணைத்துக்கொண்டார். “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையேடி! பச்சைப் பிள்ளையை வச்சுக்கொண்டு இனி என்னடி செய்யப்போறாய்!”

நிரூபா அன்ரியின் கைகளை மெல்ல விலக்கினாள். எதற்கும் அழாத அன்ரி ஏன் அழுகிறார்? அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முலேம்பாவின் மற்ற வழக்கம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியூரில் சாவு நடந்தால் அந்த வீட்டாருக்கு அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். வந்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டார் தாங்களாக அறியும்வரை காத்திருப்பார்கள். இவர்களுக்கு எல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. மிஷன் அலுவலகம் இவர்களிடம் சொல்லிவிட்டது. “ஆண்டவரே” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. பதினொரு வயது மயூரா, உள்ளே சார்ஜில் கிடந்த அம்மாவின் போனைக் காதில் வைத்தபடி, கூட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, இட்ஸ் அப்பா. கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லுங்கோ. ஹீ கான்ட் ஹியர் மீ.”

பாட்டு பாதி அடியில் அறுந்தது. நிரூபா போனை வாங்கவில்லை, பறித்தாள்.

“நிரூ, கேக்குதோ? இது ஒரு லொறிக்காரன்ர போன். என்ர போன் ஆத்தோட போட்டுது. நாங்கள் தாண்டின கையோட பாலமும் போட்டுது. ஆறு நாளாக் கிளினிக்கிலதான் கிடந்தனான். முத்தாலேக்குப் பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். நிரூ? ஏன் பேசாம இருக்கிறீர்?”

நிரூபா ஸ்பீக்கரை அழுத்திப் போனைப் பாயின் நடுவில் வைத்தாள். அந்தக் குரலைக் கேட்டு அறையிலிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். குணசீலி அக்கா, “ஸ்தோத்திரம்!” என்று கத்தினார். “முருகா!” என்று அன்ரி கத்தினார்.

“டேய் இளங்கீரன்!” சிவமணி பாயில் முழங்காலிட்டுப் போனுக்குள் அழுதார். “நீ செத்திட்டாயெண்டெல்லோடா நாங்கள் வந்திருக்கிறம்! வாட்ஸ்அப்பில படமும் வந்ததடா!”

“நானோ? எந்தப் படம்?”

“வெள்ளைச் சட்டை போட்ட படம்.”

மறுமுனையில் அந்த மனிதர் பெரிதாகச் சிரித்தார். “அப்ப என்ர செத்தவீடு நடக்குதெண்டு சொல்லுங்கோ. ஆக்கள் கனபேரோ? சாப்பாடு கொண்டந்தவையோ?”

அறை சிரித்தது, அழுதது. குணசீலி அக்கா மாத்திரம் தன் போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, “நான் விவரமா எழுதினனானே” என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

நிரூபா எதையும் காதில் வாங்கவில்லை. போனுக்கு முன்னால் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சிவமணியின் பெட்டியை மடிக்கு இழுத்து மூடியைத் திறந்தாள். புருஷன் வெள்ளத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய செத்தவீட்டுச் சோற்றைக் கையால் குழைத்து, பெரிய கவளமாக வாயில் போட்டாள்.