விலை எழுதிய கயிறு

தெரணியகலை பஸ் நிலையத்தில் கயிறு விற்கும் வெள்ளையம்மாவுக்கு விலை சொல்லிப் பழக்கமில்லை. கூடையில் மஞ்சளும் சிவப்புமாகக் காப்புக் கயிறுகள், அம்மன் படங்கள், திருநீற்றுப் பொட்டலங்கள். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை: 'அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு உதவுங்கள்' என்று தமிழிலும் சிங்களத்திலும். புறப்படக் காத்திருக்கும் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டே பின்னால் போவாள். திரும்பி வரும்போது காசோ கயிறோ கைக்கு வரும்.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். இடுப்பு விட்டுப்போன பிறகு இந்தத் தொழில். சரக்கையும் அட்டையையும் கொண்டுவந்து கொடுப்பவன் யோகராஜ்.

"அந்த இல்லம் எங்க தம்பி இருக்கு?" என்று ஒருதடவை கேட்டாள்.

"கொழும்புப் பக்கம்க்கா. நீங்க போயி சோறாக்கிப் போடப் போறீங்களா?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

சிலர் காசைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத்தானே என்று கயிற்றைத் திருப்பி நீட்டுவார்கள். அதை இன்னொருவருக்கு விற்க அவளுக்கு மனம் வராது. அவள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் பால் வற்றிய ரப்பர் மரம் ஒன்று நின்றது. அதில் கொண்டுபோய்க் கட்டினாள். கட்டக் கட்ட மரம் மஞ்சளும் சிவப்புமாகிவிட்டது. லயத்துப் பெண்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து விளக்கு வைக்கத் தொடங்கினார்கள். வெள்ளையம்மா மறுத்துச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டிவரும்.

மரத்திலிருந்த கயிறுகளில் அதிகம் ஜெயரூபி டீச்சருடையவை. யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவர். வெள்ளிதோறும் காசு கொடுப்பார், கயிற்றைத் தொடமாட்டார்.

பிரதேச சபை புது ஒழுங்கு கொண்டுவந்தது. சாமிப் பொருள் விற்கலாம், விலை எழுதி வைக்க வேண்டும். தருமத்துக்கு என்று சொல்லி விற்பதானால் அனுமதி காட்ட வேண்டும். அன்றே யோகராஜின் போன் ஓய்ந்துவிட்டது. அதிகாரிகள் வந்தபோது வெள்ளையம்மா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பொலிஸ் ஜீப்பைத்தான் கண் தேடியது.

"பய வென்ன எப்பா, அம்மே" என்றார் சிங்கள அதிகாரி. பயப்பட ஒன்றுமில்லையாம். அட்டைகளை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

கூடை லேசாகிவிட்டது போலிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வரத்தான் செய்தது.

டீச்சர் முன்சீட்டில் இருந்தார். வெள்ளையம்மா வழக்கம்போல மடியில் கயிற்றை வைத்தாள். அட்டை இருந்த இடத்தில் 'ஐம்பது ரூபா' என்று ஒரு துண்டு.

"என்னம்மா, விலை போட்டிருக்கு? பிள்ளையளின்ரை இல்லத்துக்கு இல்லையோ?"

பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பழக்கம்.

"இல்லைங்க டீச்சர். எங்க வீட்டு அடுப்புக்குங்க."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"அப்பவும் இல்லைங்க. எனக்குப் பாதி, கொண்டாந்து குடுத்தவனுக்குப் பாதி."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாரதி ஏறி எஞ்சினை முடுக்கினார். இறங்கிவிடலாமா என்று வெள்ளையம்மா நினைத்தாள்.

"நான் காசு குடுத்த கயிறெல்லாம் எங்கை?"

"மரத்துல கட்டி வச்சிருக்கேங்க. வேற ஆளுக்கு விக்கலைங்க. வேணும்னா அவுத்துத் தர்றேன்."

"மரத்திலையோ?"

"பால் வராத ரப்பர் மரங்க."

"பிறகு பால் வந்ததோ?"

"எங்கங்க!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கோபம் முழுதாகப் போகவில்லை என்பது கயிற்றை வெடுக்கென்று எடுத்ததில் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்து, முறுக்கை இழுத்து, சாயத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுக்கு ஐம்பதோ? முப்பதுக்குத் தாங்கோ."

வெள்ளையம்மாவிடம் இதுவரை யாரும் பேரம் பேசியதில்லை. தருமத்துக்கு யார் பேரம் பேசுவார்கள்? அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

"முப்பதுக்கு எனக்கே கெடைக்காதுங்க டீச்சர். நாப்பத்தஞ்சு."

"சாயம் போகுது."

"தண்ணி படாம கட்டிக்கிட்டா போகாதுங்க."

கண்டக்டர் மணியை அடித்து, "அம்மே, பஹின்ன!" என்று வாசலைக் காட்டினான்.

வெள்ளையம்மா இறங்கவில்லை.

"இன்ன மல்லி" என்று அவனைப் பொறுக்கச் சொன்னாள். "யாவாரம் நடக்குது."