கேட்டுக்குத் தெரியாத முகங்கள்

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் அவள் எழுத்தர். விடுப்புச் சீட்டு, ஷிப்ட் மாற்றம், கம்பெனி பஸ்ஸில் யாருக்கு எந்த நிறுத்தம் என்பது வரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். ஆனால் அங்கே வேலை பார்த்த அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் அவள் ‘போட்டோ அக்கா’. அவளைவிடப் பத்து வயது மூத்த உலைக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

போட்டோ வேலை அவள் கேட்டு வாங்கியதல்ல. அடையாள அட்டைக்குப் படமெடுக்க வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பர்சனல் மேனேஜர் ஒரு கேமராவைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். “நீங்கதான் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி ஆச்சே, பாத்துக்கங்க” என்றார். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

படமெடுக்க ஒதுக்கிய அறை ஸ்டோருக்கும் டைம் ஆபீஸுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் கூரை வரை பழைய பைல்கள். மற்ற மூன்று பக்கமும் பச்சை பெயிண்ட் அடித்த சுவர். ஒற்றை டியூப் லைட். அதற்கடியில் ஸ்டூலில் உட்காருகிறவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவர் போலத் தெரிவார். அதிலும் இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்து உட்காருகிறவர்கள் பாடு சொல்லவே வேண்டாம். உலைப் பக்கம் நிற்கிறவர்களுக்கு வெக்கையில் கன்னம் சிவந்து கறுத்திருக்கும். நெருப்பைப் பார்த்துப் பார்த்து இடுங்கிய கண்ணைச் சுற்றி வரி வரியாகச் சுருக்கம் விழுந்திருக்கும். முதலில் வந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு உலை மேஸ்திரி நேரே அவளிடம் வந்தார்.

“போட்டோ அக்கா, ஒரு சந்தேகம். நான் உயிரோடதான இருக்கேன்?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது மனதில் தைத்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு கையிலும் மவுஸை மறு கையிலுமாக வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேரைப் பழகத் தொடங்கினாள். முதலில் கற்றது முகத்தில் விழுந்த சுவரின் பச்சையை எடுப்பது. அடுத்தது கூர்மையாக்குவது. அதில் ஒரு சூட்சுமம் இருப்பது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. மங்கலான படத்தில் இல்லாத எதையும் அந்தக் கருவி புதிதாகக் கொண்டுவருவதில்லை. ஓரங்களில் வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாகவும் இருட்டை இன்னும் இருட்டாகவும் ஆக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இமையோரத்தில் கொஞ்சம் செய்தால் ஆள் தூக்கம் கலைந்து விழித்துக்கொள்வார். அதையே கன்னத்தில் செய்தால் பத்து வயது கூடிவிடும். ஆகவே கண்ணைக் கூர்மையாக்கினாள், கன்னத்தை மழுப்பினாள்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை எடுத்தாள். பிறகு சுருக்கத்தை. ஒருத்திக்கு இரட்டைத் தாடையைக் கரைத்துக் கொடுத்தாள். அவள் போய்த் தோழியிடம் காட்ட, தோழி மறுநாளே வந்து நின்றாள். “அக்கா, எனக்கு மூக்கு மட்டும் கொஞ்சம்...” என்று விரலால் கிள்ளிக் காட்டினாள். மூக்கைச் சுருக்கவும் கண்ணை ஒரு நூல் பெரிதாக்கவும் அந்த சாஃப்ட்வேரில் வழி இருந்தது. அட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொல்லிப் புதுப் படம் எடுக்க வந்தவர்கள் உண்டு. உயிரோடு இருக்கிறேனா என்று கேட்ட மேஸ்திரி, தன் படத்தைப் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார்.

கேட் செக்யூரிட்டி ஒருவர்தான் மசியவில்லை. “என் மூஞ்சிய நீ ஒண்ணும் ரிப்பேர் பண்ண வேணாம்மா. எடுத்தத எடுத்தபடி குடு” என்றார். கொடுத்தாள். அந்த அட்டை ஒன்றுதான் தன் பெயரைக் கெடுக்கிறது என்று அவளுக்கு உள்ளூரக் குறை.

இப்படிப் பத்து வருஷம் ஓடியது. அதன் பிறகுதான் முகம் பார்த்துத் திறக்கும் கேட் வந்தது.

தலைமை அலுவலகத்தின் உத்தரவு அது. கேட்டை மாட்ட வந்த டெக்னீஷியன், எல்லோருடைய படத்தையும் பென் டிரைவில் கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, “எங்க போனாலும் படம் கன்றாவியா இருக்கும் மேடம். இங்கதான் எல்லாம் பளிச்சுனு இருக்கு” என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் புருஷனிடம் அதைத்தான் சொன்னாள். லாரி ஆபீஸில் பில் போடுகிற அவர், “அப்ப சம்பளம் கூட்டுவானா?” என்று கேட்டுவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குப் புது கேட். கூட்டத்தைச் சமாளிக்க ஆபீஸ் ஆட்களையும் ஐந்தரைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். அவள்தான் முதல். கேமரா முன்னால் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. கம்பி விலகியது, உள்ளே போனாள். அவளுடைய படம் வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய போட்டோக்காரர் எடுத்தது. மற்றவர்கள் முகத்தோடு மல்லுக்கட்டியதில் தன் படத்தைத் தொட அவளுக்கு நேரம் வாய்க்கவே இல்லை.

பிறகு பஸ் வந்தது. முதலில் இறங்கியவர் மேஸ்திரி. கேமராவைப் பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டு நின்றார். சிவப்பு விளக்கு. ‘அடையாளம் பொருந்தவில்லை’ என்றது இயந்திரத்திலிருந்து ஒரு பெண் குரல். தொப்பியைக் கழற்றிப் பார்த்தார், சிரித்துப் பார்த்தார், சிரிக்காமல் பார்த்தார். பொருந்தவில்லை. அடுத்தவர் வந்தார். பொருந்தவில்லை. அடுத்தவள். பொருந்தவில்லை. நாலாவது ஆளுக்குத் திறந்தது. ஐந்தாவது ஆளுக்கு மறுபடி சிவப்பு.

கால் மணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே நூற்றைம்பது பேர் நின்றார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். செக்யூரிட்டி எல்லோருக்கும் எதிரே போய்க் கேமராவில் முகத்தைக் காட்டினார். கம்பி சட்டென்று விலகியது. வேண்டுமென்றே வெளியே போய் இன்னொரு தடவை உள்ளே வந்தார்.

“அக்கா, நீங்க மட்டும் உள்ள போயிட்டீங்க, நாங்க என்ன பாவம் பண்ணோம்?” என்று ஒரு பெண் கம்பி வழியாகக் கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். பின்னால் இருந்தவர்களுக்கு விளையாட்டாக இல்லை. இரவு ஷிப்ட் ஆட்களை மாற்றிவிட ஆள் வரவில்லை. உலையைப் பாதியில் விட்டுவிட்டு அவர்களால் நகர முடியாது. உள்ளேயிருந்து போன் மேல் போன் வந்தது. கடைசியில் பக்கத்துச் சின்ன கேட்டைத் திறந்து, பழைய ரிஜிஸ்டரில் கையால் எழுதி எல்லோரையும் உள்ளே விட்டார்கள். அப்போது மணி ஆறே முக்கால்.

டெக்னீஷியன் ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். இடது பக்கம் அட்டைப் படம், வலது பக்கம் அன்று காலை கேமரா பிடித்த முகம். ஒவ்வொரு ஜோடியாகத் தள்ளிக்கொண்டே போனார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். தான் திருத்திய படத்தையும் அந்த ஆளின் முகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடது பக்கம் இருந்தவர் வலது பக்கம் இருந்தவருக்குத் தம்பி மாதிரி இருந்தார். பட்டணத்தில் வசதியாக வளர்ந்த தம்பி. அதைவிட இன்னொன்று அவளை உலுக்கியது. இடது பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம் போல இருந்தார்கள். ஒரே மூக்கு, ஒரே தாடை.

யாரும் கேட்பதற்கு முன் அவளே மேனேஜர் அறைக்குப் போனாள்.

“மெஷின் மேல தப்பில்ல சார். படத்துல கை வச்சது நான்தான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “திருத்தாத படம் இருக்குல்ல?”

“இல்ல சார். இடம் அடைக்குதுன்னு அப்பப்ப அழிச்சுட்டேன்.”

“பத்து வருஷமாவா?”

“ஆமா சார். இன்னைக்கு வெளிய நின்னவங்களுக்கு மட்டும் லேட் போட்டுராதீங்க. அவங்க சரியான நேரத்துக்குத்தான் வந்தாங்க.”

லேட் போடவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. கேட் மறுத்த முந்நூற்றுப் பதினாறு பேரின் பட்டியலும் கூடவே வந்தது. ஒரு வாரத்துக்குள் அத்தனை பேரையும் மறுபடி படமெடுக்க வேண்டும். எதையும் தொடக்கூடாது. ‘எதையும்’ என்பதற்குக் கீழே மேனேஜர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவள் முதலில் செய்தது ஸ்டோரில் ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் கேட்டு வாங்கியது. அதை ஒரே நாளில் மூன்று சுவருக்கும் அடிக்க வைத்தாள். பைல்களை நகர்த்தியபோது அவற்றுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்து ஸ்டூலை அதற்கு எதிரே போட்டாள். சும்மா எடுத்துப் பார்த்த முதல் படத்திலேயே பச்சையும் இல்லை, நோயாளிக் களையும் இல்லை. அவள் அங்கேயே கொஞ்ச நேரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பட்டியல்படி ஆட்கள் வந்தார்கள். “கொஞ்சமே கொஞ்சம் அக்கா, கேட்டுக்குத் தெரியாத அளவுக்கு” என்று கெஞ்சியவர்கள் உண்டு. திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து போனவர்கள் உண்டு. மேஸ்திரி தன் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “எங்கப்பா மாதிரியே இருக்கேன்” என்றார். அது சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் செக்கிங் பெல்ட்டில் வேலை பார்க்கும் ஒருத்தி வந்தாள். ஓடுகிற பெல்ட்டில் பாட்டில்களை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்து, கீறல் இருப்பதைப் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. அதிகம் பேசாதவள். போட்டோ அக்கா பட்டியலைத் தேடினாள். இந்தப் பெண் அதில் இல்லை.

“உனக்குத்தான் கேட் திறந்துச்சேம்மா. நீ வர வேணாமே.”

“தெரியும்க்கா. நானாத்தான் வந்தேன்.” ஸ்டூலில் உட்கார்ந்து இடது கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காதோரத்திலிருந்து வாயோரம் வரை ஒரு தழும்பு. “இந்தத் தடவை இது இருக்கும்ல?”

போட்டோ அக்காவுக்கு நினைவு வந்தது. நாலு வருஷத்துக்கு முன் அந்தத் தழும்பை எடுக்க அரை நாள் ஆனது. மறு கன்னத்திலிருந்து தோலைப் பிரதி எடுத்து, வைத்த இடம் தெரியாமல் ஒட்டியிருந்தாள். அந்தப் பெண் எதுவும் கேட்டிருக்கவில்லை. பாவம், சின்ன வயசு என்று இவளாகவே செய்தாள். தான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

“நீ அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னாங்க. நீங்களும் ஆசையா செஞ்சீங்க. எப்படிச் சொல்றது?” அவள் குரலில் கோபம் இல்லை. “பெல்ட்டுல பாட்டில் வெடிச்சப்ப பட்டதுக்கா இது. இது பட்டப்புறம்தான் பெல்ட்டுக்குக் கம்பி வலை போட்டாங்க. இப்ப பதினெட்டுப் பேரு அந்த வலைக்குப் பின்னால உக்காந்து வேலை பாக்கறாங்க. ஆனா கம்பெனி குடுத்த கார்டுல எனக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கு. அதான் நான் கார்டைத் திருப்பி மாட்டிக்குவேன்.”

நாலு வருஷமாகத் தினமும் அவளைப் பார்க்கிறோம், அட்டை திரும்பியிருந்ததைக் கவனிக்கவில்லையே என்று போட்டோ அக்கா நினைத்துக்கொண்டாள். கேமராவைத் தூக்கினாள். முதல் படம் மங்கலாக விழுந்தது. பழைய வழக்கமாக இருந்தால் பரவாயில்லை, கூர்மையாக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். அன்று அதை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். நாலாவது படம் கத்தி மாதிரி வந்தது. தழும்பில் தையல் போட்ட புள்ளிகள்கூடத் தெரிந்தன. திரையைத் திருப்பிக் காட்டினாள்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்து, “ம், இது நான்” என்றாள். அரை மணிக்குள் பெல்ட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

போட்டோ அக்கா மெமோவுக்கு மூன்று வரியில் பதில் எழுதினாள். அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வீட்டில் புருஷன், “நல்லது பண்ணப் போய் வம்புல மாட்டிக்கிட்டியே” என்றார். “நல்லதான்னு கேட்டுட்டுப் பண்ணியிருக்கணும்ங்க” என்றாள். அவர் இந்தத் தடவை டி.வி.யை நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டார்.

இரண்டாவது திங்கட்கிழமை கேட் எல்லோரையும் விட்டது. மழையில் நனைந்து வந்தால் இப்போதும் கொஞ்சம் தகராறு பண்ணும். அது டெக்னீஷியன் பாடு. மேனேஜரிடம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கும் அவள் சம்மதம் வாங்கினாள். கம்பெனிக்கு எடுத்தது எடுத்தபடி. வீட்டுக்கு வேண்டுமென்றால் தனியாக இன்னொரு படம், ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் சொல்வதை மட்டும் திருத்தித் தருவது. நாற்பது பேர் போல வந்தார்கள். பாதிப் பேர் பருவை எடுக்கச் சொன்னார்கள். ஒருவர் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, முடிந்ததும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் திருப்பி வைக்கச் சொன்னார்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு வாலிபன் தயங்கித் தயங்கி வந்து, தாடி வைத்துத் தர முடியுமா என்று கேட்டான். முகத்தில் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைவிட்டிருந்தது.

“அது என் வேலை இல்ல தம்பி, உன் வேலை” என்றாள். “வளத்துட்டு வா, எடுத்துத் தரேன்.”