முதலாளியின் குரலும் ரீச்சரின் வேகமும்

முதலாளியின் குரலை அந்த வேகத்தில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நாரந்தனையில், பள்ளிக்கூட ரீச்சரின் வீட்டு விறாந்தைப் படியில், ரீச்சருக்கென்று கொண்டுபோன கதலிப்பழச் சீப்போடு அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மேசையிலிருந்த கைத்தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய குரல்தான். ஆனால் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில், கடகடவென்று, மூச்சுவிட நேரமில்லாமல் ஓடியது. ரீச்சர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, வெங்காயம் உரித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒருகாலத்தில் தெற்கே ஒரு பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை போய் ஊருக்கு வந்தார். கடை போனாலும் பட்டம் போகவில்லை. அவர் வீட்டுக்காரியே அவரை முதலாளி என்றுதான் சொல்வார். ஊரில் அவருக்குக் கிடைத்த இரண்டாவது மதிப்பு கோவிலில் புராணம் படிப்பதால் வந்தது. ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லும் அந்த முறையில், படிப்பது எப்போதும் இவர். சொல்லைப் பிரித்து, நிறுத்தி, ஓர் எழுத்தும் சிதையாமல் படிப்பார். சனம் சோற்றுக்குப் பசியோடு காத்திருந்தாலும் அவர் அவசரப்பட்டதில்லை, அவரை அவசரப்படுத்தவும் யாருக்கும் துணிவு இருந்ததில்லை.

வேலணைப் பக்கத்தில் நான் வேலைசெய்யும் சிறிய நூலகத்தில் பார்வையற்றவர்களுக்கு ஒலிநூல் செய்யத் தொடங்கியபோது, வாசிக்க ஆள் தேடி அவரிடம்தான் முதலில் போனேன். பழைய பத்திரிகைகள் கிடந்த அறையை ஒதுக்கி, சுவரெல்லாம் மெத்தைகளைச் சாத்தி, சத்தம் வருமென்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். உள்ளே அவியும். முதலாளி சால்வையால் துடைத்துத் துடைத்து வாசிப்பார். பத்தி முடிந்ததும் கோவில் பழக்கத்தில் "அதாவது பிள்ளை…" என்று பயன் சொல்லவும் தொடங்கிவிடுவார். அதையெல்லாம் நான் பிறகு கணினியில் வெட்டி எறிவேன். நூலில் உள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும், அது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவர் வாசித்துக்கொண்டிருந்தது பாடசாலை முகாமைத்துவம் பற்றிய ஒரு தடித்த புத்தகம். லீவு விதிகள், ஒழுக்காற்று விசாரணை, நேரசூசி என்று தூக்கம் வராதவர்களுக்கு மருந்தாகக் கொடுக்கலாம். அதை ஒலிநூலாக்கித் தரும்படி கேட்டவர் நாரந்தனை ரீச்சர். அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் முழுதாகவே பார்வை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வகுப்புகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவரை ஆசிரியர் அறையில் ஒரு கதிரையில் இருத்தி வைத்திருந்தார்கள். பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கலாமே என்று அன்பாகச் சொல்லாத ஆளில்லை. அவருக்கோ அதிபர் பதவிக்கான போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். வயதெல்லையால் அதுதான் கடைசித் தடவை. அந்தப் புத்தகம் அச்சில் மட்டுமே இருந்தது.

முதலாளி அன்று போனது, தன் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று ரீச்சர் வாயால் கேட்கத்தான். ஒரு பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். யார்தான் எதிர்பார்க்கமாட்டார்கள்? பழச் சீப்பைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தவர், வீதிக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"கோழி கொத்தின மாதிரிக் கேக்கிறதுக்கோ பிள்ளை, நான் தொண்டைத்தண்ணி வத்த வாசிச்சனான்?"

அதன்பிறகு அவர் நூலகத்துக்கு வரவில்லை. முக்கியமான அத்தியாயங்கள் மிச்சமிருந்தன, பரீட்சையும் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பஸ் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இரண்டு பிள்ளைகளைப் பிடித்து, ஓர் அத்தியாயத்தை வாசிப்பித்து அனுப்பினேன். நல்ல குரல்கள்தான், குறை சொல்ல ஏலாது. கேட்டுவிட்டு ரீச்சர் என்னை அழைத்து, முதலாளிக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அடுத்த நாள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸேறி வந்துவிட்டார். நான்தான் அவரை முதலாளி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

முதலாளி மரியாதைக்குக் கதிரை போட்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்திருந்தார், அது தனக்குத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ என்று ரீச்சர் பிறகு சொல்லிச் சிரித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் ரீச்சர் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்திருந்தேன்.

"முதலாளி, நீங்கள் பேப்பரை எழுத்துக்கூட்டியோ வாசிக்கிறனீங்கள்? ஒருக்கா மேஞ்சுபோட்டு, வேணுமான இடத்திலை நிப்பீங்கள். எனக்கும் மேய வேணும். கண் போனதிலையிருந்து நான் மற்ற ஆக்களின்ரை வேகத்திலைதான் நடக்கிறன், அவையின்ரை வேகத்திலைதான் சாப்பிடுறன். வாசிப்பு ஒண்டுதான் என்ரை வேகத்திலை இருக்கு. அதையும் விடச் சொல்லுறீங்களோ?"

ஒலிநூல் செய்வதில் எனக்கு ஓரளவு பெருமை இருந்தது, ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல. கேட்பவருக்கு ஒரு வேகம் உண்டு, ஒரு பொறுமையின்மைகூட உண்டு என்று நான் யோசித்ததேயில்லை. பிறகு ரீச்சர் இன்னொன்றும் சொன்னார். கம்பஸ் பிள்ளைகள் வாசித்ததையும் மற்ற நூலகங்களிலிருந்து எங்களுக்கு வந்தவற்றையும் வேகம் கூட்டினால் கூழாகப் போய்விடுகிறதாம். எவ்வளவு கூட்டினாலும் எழுத்துக் குலையாமல் நிற்பது முதலாளியின் குரல் மட்டும்தானாம். ஆறுதலாகச் சொல்லவில்லை, முறைப்பாடுபோலத்தான் சொன்னார்.

முதலாளி குசினிப் பக்கம் திரும்பித் தேத்தண்ணி போடச் சொன்னார். தேத்தண்ணி வரும்போது பழைய கடைக்காரர் ஆகிவிட்டிருந்தார்.

"சீலையை நான் அளந்து வெட்டிக் குடுத்தாச்சு. அவை அதைச் சட்டையாத் தைச்சாலென்ன, ஜன்னலுக்குப் போட்டாலென்ன. வித்தவனுக்கு அதிலை என்ன கதை?"

மறுநாள் நான் கதவு திறக்கமுன் நூலக வாசலில் நின்றார். ரீச்சருக்கு உதவியாக இருக்கட்டுமென்று தானே வேகமாக வாசிக்கப் பார்த்து, நாக்குத் தடுமாறி, சிரித்து, வழக்கமான நிதானத்துக்கு வந்தார். புத்தகம் முடிந்தது. ரீச்சர் அதை எத்தனை தடவை ஓடவிட்டாரோ, சொல்லச் சொல்ல எழுதும் ஒருவரின் உதவியோடு பரீட்சை எழுதித் தேறினார். இப்போது தீவுப்பகுதியிலேயே ஒரு சிறிய பாடசாலைக்கு அதிபர். கடிதங்களை மெதுவாக வாசிக்கும் கிளாக்கரை அவர் படுத்தும் பாடு ஊரறிந்தது. அந்த ஒலிநூலை வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள நூலகங்கள் வாங்கிப்போயின, இன்னும் யாராரோ அதைக் கேட்டுப் படிக்கிறார்கள்.

சென்ற வருடம் முதலாளி போய்விட்டார். முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்குக் கனடாவிலிருந்து வந்த பிள்ளைகள், அப்பாவின் குரல் ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்கள். அவர் புராணம் படித்ததை ஒருவரும் பதிவுசெய்து வைக்கவில்லை. அடுத்த வருடமும் படிப்பார்தானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். என்னிடம் இருந்தது பாடசாலை முகாமைத்துவம் மட்டும். அதுவாவது போடுங்கோ என்றார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் கூடியிருக்க, போட்டேன். ஆசிரியரின் லீவு விண்ணப்பத்தை அதிபர் எவ்வாறு பரிசீலிக்க வேண்டும் என்று முதலாளி நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரீச்சர் சுவரோரம் இருந்தார். அவருக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். சத்தமில்லாமல் அவருடைய உதடுகள் அசைவதைப் பார்த்தேன். முதலாளி வசனத்தின் பாதியைத் தாண்டமுன் அவை கடகடவென்று முடிவுவரை ஓடிப்போய்விட்டன. அங்கே மூடிக்கொண்டு, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தன.