சித்திக்கு நான் எடுத்த இங்கிலீஷ் வகுப்பு

மூன்றாம் வகுப்பில் என்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் வேன் விடுகிற இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஏ, பி, சி என்று ஒப்பித்தால் மிஸ் ஒப்புக்கொள்ள மாட்டார். எழுத்துக்குப் பெயர் வேறு, சத்தம் வேறு என்பார். எஃப் வந்தால் மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். டி-எச் வந்தால் நாக்கு நுனி பல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று நான் உதட்டைக் கடித்து ஊதிக்கொண்டிருப்பதை, பிள்ளைக்கு வாயில் ஏதோ கோளாறு வந்துவிட்டது போல அப்பா கவலையோடு பார்ப்பார்.

சிரிக்காமல் பக்கத்தில் வந்து நின்றவள் சித்தி ஒருத்திதான். சித்தப்பா ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வேலையில் இருந்தார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கிளம்பிப் போனவர், சீக்கிரம் அவளையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சித்திக்குக் கெங்கவல்லிப் பக்கம். நாங்கள் ‘ஊடு’ என்றால் அவள் ‘வூடு’ என்பாள். நாங்கள் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுகிற ‘ங்க’ அவள் வாயில் பாதி நேரம் வராது. அத்தை வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார். அதனால் சித்தி எங்கள் வீட்டில் குறைவாகத்தான் பேசுவாள். இங்கிலீஷ் என்றால் மட்டும் அவளுக்கு வெட்கமே கிடையாது. அதில் அவளைத் திருத்த வீட்டில் யாருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

மொட்டைமாடியில் சோளம் காய்ந்துகொண்டிருக்கும். காக்கை ஓட்டுகிற சாக்கில் அங்கேதான் வகுப்பு. நான் குச்சியோடு நிற்பேன், சித்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். உதட்டைக் கடித்து இரண்டு பேரும் ‘ஃப், ஃப்’ என்று ஊத, சோளத் தூசு பறக்கும். சொல்லின் கடைசியில் நிற்கும் ‘இ’ எழுத்து வாயைத் திறக்காது, ஆனால் தனக்கு முன்னால் இருப்பவனை நீட்டிவிடும், ‘கிட்’ ‘கைட்’ ஆகிவிடும் என்று நான் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவளே பாடத்தை மாற்றினாள்.

“சத்தமெல்லாம் போதும் சாமி. ஒருத்தர் இருக்காரான்னு எப்படிக் கேக்கறது?”

பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடுவதை மட்டும் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஹீ இஸ் தேர்னா இருக்காருன்னு அர்த்தங்க சித்தி. இஸ்ஸைத் தூக்கி முன்னால போட்டாக் கேள்வி. இஸ் ஹீ தேர்?”

“நம்மளுது கடைசியில ஒரு ‘ஆ’ போட்டா முடிஞ்சுது. இதுல வாயைத் தொறக்கும்போதே கேட்டுடணும் போல.”

விஷயம் இதுதான். சித்தப்பாவிடமிருந்து போன் வருவது குறைந்து, பிறகு நின்றே போயிருந்தது. டவர் கிடைக்காத காடு என்று அப்பா சொன்னார். சித்தப்பா முன்பு பேசிய, அங்கே அவர் தங்கியிருந்த கம்பெனி வீட்டு நம்பர் சித்தியின் செல்போனில் இருந்தது. ஒருமுறை கூப்பிட்டபோது யாரோ இங்கிலீஷில் கேட்க, பயந்து வைத்துவிட்டாளாம். யாரிடமும் சொல்லாதே என்றாள். மாணவியின் ரகசியத்தைக் காப்பது என் கடமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லோரும் படுத்திருந்தபோது, மாடியில் வைத்து நம்பரைப் போட்டாள். நான் அவள் மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

“ஹலோ. இஸ் ஹீ தேர்?”

யார் என்று சொல்லவில்லையே என்று நான் கிள்ளினேன். அவள் சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் மளமளவென்று வந்தது. சித்தி புரியாமல் விழித்து, போனை என் காதில் வைத்தாள். ஒரு பெண் குரல். குழந்தை என்று தெரிந்ததும் நிதானமாக, எங்கள் மிஸ் போலவே சொல்லைச் சொல்லாகப் பிரித்துப் பேசியது. எனக்கு எல்லாம் புரிந்தது! நான் ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

“சித்தப்பா இல்லீங்களாம். அவரோட ஒய்ஃபோட வெளிய போயிருக்காராம்.”

சித்தி என் பக்கம் திரும்பினாள். “சரியாக் கேட்டியா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “வித் ஹிஸ் ஒய்ஃப்னுதாங்க சொன்னாங்க. ஹிஸ்னா அவரோட. ஹெர்னா அவளோட.” அந்த வித்தியாசத்தை அவளுக்கு இன்னொரு முறை விளக்கவும் செய்தேன்.

காக்கைகள் சோளத்தில் இறங்கின. அவள் அவற்றை ஓட்டவில்லை. அவள் முகம் எனக்கு என்னவோ போலிருந்ததால் நானே சமாதானம் சொன்னேன். “அந்த அக்காவுக்கு இங்கிலீஷ் செரியாத் தெரியாதாட்ட இருக்குது. ஒய்ஃபு நீங்கதானுங்களே. ஃப்ரெண்டுன்னு சொல்ல வந்து மாத்திச் சொல்லீட்டாங்க.”

“இருக்கும் சாமி” என்றாள்.

அன்று சாயங்காலம் கீழே பெரியவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பேசினார்கள். அப்பாவின் குரல் முதலில் உயர்ந்து, பிறகு கேட்காமலே போனது. அந்த வாரமே கெங்கவல்லியிலிருந்து அவளுடைய அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்தார். பிறந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவரப் போகிறாள் என்று அம்மா என்னிடம் சொன்னார். பிற்பாடு சித்தி மேலே படித்தாள், ஆத்தூரில் வேலைக்குப் போனாள், வேறு கல்யாணமும் செய்துகொண்டாள் என்பதெல்லாம் எனக்குக் காதில் விழுந்த செய்திகள்தான்.

கிளம்பும்போது வாசலில் வீடே நின்றது. சித்தி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, தெளிவாக, “ஐ ஆம் கோயிங்” என்றாள்.

‘ஐ’க்குப் பக்கத்தில் ‘ஆம்’ சரியாக வந்திருந்தது. முடிவில் ‘இங்’கும் விட்டுப்போகவில்லை. எங்கள் வகுப்பில் அவள் தானாக அமைத்த முதல் வாக்கியம் அது. நான் குதித்துக் கை தட்டினேன்.

எங்கள் ஊரில் கடைக்குக் கிளம்புகிறவர்கள்கூட ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். சித்தி போகிறேன் என்று மட்டும்தான் சொன்னாள் என்பதைக் கை தட்டிய அந்தப் பிள்ளை கவனிக்கவில்லை.