தோகையில்லாத மயில்

பிஞ்சுக் கடலையைத் தோலோடு கடித்தால் முதலில் மண்ணும் பிறகு பாலுமாக நாக்கில் ஒரு ருசி ஏறும். அந்த ருசி எனக்குத் தெரிந்திருந்த அளவுக்கு ஏரியூர் மயில்களுக்கும் தெரிந்திருந்தது. புரட்டாசியில் எங்கள் "கல்லக்கா" காட்டில், அதாவது கடலை வயலில், காய் பிடிக்கும் நேரம் பார்த்துக் காலாண்டு விடுமுறையும் வரும் என்பதால், தகர டப்பாவைத் தட்டி மயில் விரட்டுகிற உத்தியோகம் ஆறாம் வகுப்பிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. விரட்டியதைவிட நான் வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். அந்த மாதத்தில் ஆண்மயில்கள் தோகையை உதிர்த்திருக்கும். நீலக் கழுத்தை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, மொட்டை வாலோடு குனிந்து, காலால் மண்ணைக் கிளறி அவை காய் பொறுக்குகிற அழகே அழகு.

பள்ளி திறந்ததும் ஓவியப் போட்டி. தலைப்பு தேசியப் பறவை. முதலில் வருகிறவர் தர்மபுரிக்குப் போய் மாவட்டப் போட்டியில் வரையலாம். பென்னாகரத்தைத் தாண்டியிராத எனக்கு அந்தப் பயணத்தின்மேல் வெறியே இருந்தது. வகுப்பே காலண்டர் மயிலை நினைத்துத் தோகை விரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எங்கள் காட்டுத் திருடன் ஒன்றை, விரல் மடங்கிய அதன் இடது காலோடு வரைந்தேன்.

ஓவிய ஆசிரியர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "கோடெல்லாம் நல்லாதான் இருக்குது. தோகை எங்க புள்ள?"

"புரட்டாசியில இருக்காதுங்க சார், கொட்டிப்போயிரும்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பாக்கறவங்க கோழின்னு சொல்லுவாங்க. பின்னால நாலு இறகு இழுத்துவிடு, உன்னையே அனுப்பறேன்" என்றார். பென்சிலைத் தாளில் வைத்தும் பார்த்தேன். இல்லாததை இழுக்கக் கை ஒப்பவில்லை. பக்கத்து பெஞ்சு மல்லிகாதான் தர்மபுரிக்குப் போனாள். நான் வீடு வரை அழுதுகொண்டே போனேன்.

கண்ணைத் துடைத்துவிட வந்த அம்மா, தாளைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டாள். "அடி இவளே, வரப்போரம் ஒரு செடி விடாம கிளறித் தின்னது இந்த நொண்டிதானே! இத வெரட்டாம படமா போட்டுட்டு இருந்த?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்படி ஒரு பாராட்டு மல்லிகாவுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

இப்போது பெங்களூரில் பறவைகளை வரைந்துதான் பிழைக்கிறேன். நன்றாகவே வரைகிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். ஊரில் கடலை கட்டுப்படியாகாமல் காடு முழுக்க மரவள்ளி ஆகிவிட்டது. மயில்கள் முன்னைவிட அதிகம், விரட்டத்தான் யாருக்கும் அவசியமில்லை. எது எந்த வரப்பில் இறங்கும் என்று சொல்லிச் சொல்லித் திட்டிய அம்மாவிடம், போன வாரம் ஊருக்குப் போனபோது வாசலெதிரே நின்ற ஒன்றைக் காட்டி, "அது எதும்மா, தெரியுதா?" என்று கேட்டேன்.

அம்மா ஒருமுறை பார்த்தாள். "மயிலுதான்" என்றாள்.